ஈர விறகில் முகாம் நெருப்பு: கூம்பு அடுக்குக்கு மாற்று என்ன?

கேள்வி – மழைக்கூடாரம்

வணக்கம். வறண்ட நாட்களில் சுள்ளிகளைக் கூம்பாகச் சாய்த்து, நடுவில் சருகைத் திணித்துக் கொளுத்தினால் முகாம் நெருப்பு சிரமமின்றி எழுந்துவிடுகிறது. தொடர்மழைக்குப் பிறகு அதே கூம்பு அடுக்கு கைகொடுப்பதில்லை. உள்ளே வைத்த சருகும் ஈர்க்குப் பருமனுள்ள சுள்ளிகளும் மளமளவென்று எரிந்து முடிந்துவிடுகின்றன; அவற்றின் மேல் சாய்ந்திருந்த விரல் பருமனுள்ள குச்சிகள் கறுத்துப் புகைந்து, பிடிமானம் போய்ச் சரிகின்றன; அடியில் மிஞ்சிய கங்கும் ஈரத்தரையில் சற்று நேரத்தில் அவிந்துவிடுகிறது. காகிதத்தையோ மெழுகையோ கூடுதலாக வைத்தால் இந்தக் கூத்து இன்னும் சில நிமிடங்கள் நீள்கிறதே தவிர, முடிவு மாறுவதில்லை.

கட்டைகளைச் சதுரமாக அடுக்குவது, தலைகீழாக அடுக்கி உச்சியில் கொளுத்துவது, ஒரே கட்டையைப் பிளந்து நிறுத்தி எரிப்பது என்று பல முறைகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். இவற்றில் எவை உண்மையிலேயே ஈர விறகுக்குப் பொருந்தும், எவை உலர்ந்த விறகில் மட்டும் அழகாக எரிபவை என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன். மண்ணெண்ணெய் ஊற்றும் யோசனை வேண்டாம். சமைக்கவும் குளிர்காயவும் போதுமான, ஓரிரு மணி நேரம் நின்று எரியும் நெருப்பே என் தேவை.

பதில் – கோடரிக்காம்பு

அடுக்கை மாற்றினால் பலன் நிச்சயம் மாறும். ஆனால் எதற்காக மாற்றுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஈர விறகில் வெப்பமே இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை வேறு. ஒரு கிலோ உலர்ந்த மரம் முழுதாக எரிந்தால் ஏறத்தாழ 18 மெகாஜூல் வெப்பம் கிடைக்கிறது. ஒரு கிலோ தண்ணீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிக்கவைத்து முற்றிலும் ஆவியாக்க ஏறத்தாழ 2.6 மெகாஜூல் போதும். எனவே எடையில் பாதி தண்ணீராகவே இருக்கும் பச்சை விறகில்கூட, அந்தத் தண்ணீரை விரட்டத் தேவையான வெப்பத்தைப் போல ஆறு மடங்குக்கு மேல் அந்த விறகுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், செலவு முதலில் வருகிறது, வரவு பிறகுதான் வருகிறது. ஓர் இடத்தில் தண்ணீர் வற்றும்வரை அங்கே மரத்தின் சூடு 100 பாகை செல்சியசைத் தாண்டாது. எரியும் வாயுக்களை மரம் தாராளமாக வெளிவிட வேண்டுமானால் 200 பாகைக்கு மேல் நன்றாகச் சூடேற வேண்டும். அந்த முதற்செலவுக்கான வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடாமல் விறகின் மீதே திருப்பிவிடுவதுதான் அடுக்கின் வேலை.

கூம்பு இதில்தான் தோற்கிறது. அதன் குச்சிகள் ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தை மட்டும் நெருப்புக்குக் காட்டி, மறுபக்கத்தைக் குளிர்ந்த காற்றுக்குத் திறந்து வைத்திருக்கின்றன; சுவாலையோ உச்சி வழியாக விரைந்து வெளியேறிவிடுகிறது. வேகமாகக் காற்றை இழுக்கும் அந்தக் குணம் உலர்ந்த விறகுக்கு வரம், ஈர விறகுக்குச் சாபம்.

எரிந்துகொண்டிருக்கும் ஒரு கட்டையை அடுப்பிலிருந்து உருவித் தனியாகப் போட்டால் சற்று நேரத்தில் அது அணைந்துவிடும். அதே கட்டைக்கு அருகில் இன்னொன்றை விரல் இடைவெளியில் வைத்தால் இரண்டும் தொடர்ந்து எரியும். ஒன்று வீசும் அனலை மற்றொன்று வாங்கித் திருப்பி வீசுவதே காரணம். ஆகவே ஈர நாளில் நான் முதலில் நாடுவது இணைகட்டை அடுக்கு. தொடை பருமனோ கணுக்கால் பருமனோ உள்ள இரண்டு கட்டைகளைக் காற்று வரும் திசையில் நீளவாக்கில் கிடத்துங்கள். காற்று நுழையும் முனையில் ஒரு சாண் இடைவெளியும் மறுமுனையில் நான்கு விரல் இடைவெளியும் இருந்தால் போதும். பிளந்த கட்டைகளாக இருந்தால் பிளவுமுகம் உள்நோக்கி இருக்கட்டும். அந்த இடுக்கின் தரையில் பட்டையையோ குச்சிகளையோ பரப்பி, அதன்மேல் நெருப்பு மூட்டுங்கள். பற்றிக்கொண்டதும் விரல் பருமனுள்ள ஈரக் குச்சிகளை இரு கட்டைகளுக்கும் குறுக்கே, பாலம் போல, இடைவெளிவிட்டுப் பரப்புங்கள். அவை உலர்ந்து, கருகி, கங்காகி உள்ளே விழும். விழுந்த இடத்தில் அடுத்த வரிசையைப் பரப்புங்கள். பாத்திரம் வைக்கவும் அந்த இரு கட்டைகளே மேடையாகிவிடும்.

எந்தக் குச்சி உள்ளே போகத் தயார் என்பதை அதன் வெட்டுமுனையே சொல்லும். மரத்தில் நீர் நார் ஓடும் திசையில்தான் எளிதாக நகரும் என்பதால், சூடேறியதும் முனையில் சிறு குமிழிகள் நுரைத்துச் சீறத் தொடங்கும். சீறல் ஓய்ந்து, முனை வெளுத்து, மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் அந்தக் குச்சியை நடுவுக்குத் தள்ளலாம். சீறிக்கொண்டிருக்கும்போதே தள்ளினால் கங்கைத்தான் குளிரவைப்பீர்கள்.

பதில் – தணல்

நண்பர் கோடரிக்காம்பின் விளக்கத்தோடு பெரிதும் உடன்படுகிறேன். ஆனால் தரையைப் பற்றி அவர் ஒரு வரியில் கடந்துபோய்விட்டார். மழைக்குப் பிறகு நெருப்பைக் கொல்வதில் விறகின் ஈரத்துக்குச் சமமான பங்கு தரையின் ஈரத்துக்கும் உண்டு. தாங்கள் குறிப்பிட்ட ‘அடியில் மிஞ்சிய கங்கு அவிந்துபோவது’ அதனால்தான்: கங்கு தன் சூட்டைச் சேற்றுக்குக் கொடுக்கிறது, சேறு அதை நீராவியாகத் திருப்பிக் கொடுக்கிறது.

இதற்கு நான் கையாளும் முறை தலைகீழ் அடுக்கு. முதலில் மணிக்கட்டுப் பருமனுக்குக் குறையாத கட்டைகளை ஒன்றையொன்று தொட்டபடி தெப்பம் போலத் தரையில் அடுக்க வேண்டும். இவை எவ்வளவு ஈரமாக இருந்தாலும் கவலையில்லை, ஏனெனில் இவற்றின் முதல் வேலை கங்கைத் தாங்குவது மட்டுமே. அதன்மேல் குறுக்காக, சற்று மெல்லிய கட்டைகள். அதன்மேல் மறுபடியும் குறுக்காக, பெருவிரல் பருமன். இப்படி நான்கைந்து அடுக்குகள் ஏறியதும் உச்சியில் சுள்ளியும் சீவலும் வைத்து அங்கே கொளுத்த வேண்டும். கட்டைகளுக்கு இடையே அரை விரல் இடைவெளிக்கு மேல் விடக் கூடாது. விட்டால் கங்கு அடுத்த அடுக்கில் தங்காமல் நேரே அடியில் போய் விழும்.

இந்த அடுக்கு சரிவதில்லை. மேலே எரிவது கங்காகிக் கீழே இறங்கி, அடுத்த அடுக்கை உலர்த்தி, பிறகு எரிக்கிறது. கீழ்க் கட்டைகளிலிருந்து எழும் புகை சுவாலையின் ஊடாகவே மேலே போக வேண்டியிருப்பதால் அதில் ஒரு பகுதி எரிந்துவிடுகிறது. கண் எரிச்சல் குறைகிறது. கூம்பைப் போல மூச்சுக்கு மூச்சு குச்சி செருகிக்கொண்டு பக்கத்திலேயே குந்தியிருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

பதில் – கோடரிக்காம்பு

தெப்பம் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். என் இணைகட்டைகளுக்கு நடுவிலும் அதே போன்ற தெப்பம் இருப்பது நல்லது. தலைகீழ் அடுக்கு பற்றித்தான் எனக்கு ஐயம். வெப்பக்காற்று மேல்நோக்கித்தான் போகும். உச்சியில் எரியும் நெருப்பு கீழே அனுப்புவது கங்கின் அனலை மட்டுமே. மேற்பரப்பு மட்டும் நனைந்த, பிளந்த விறகாக இருந்தால் அந்த அனல் போதும். நாள்கணக்கில் தரையில் கிடந்து ஊறிய கட்டையிலோ, பச்சை மரத்திலோ, இரண்டாம் அடுக்கு உலர்வதற்குள் மேலே உள்ள கங்கு சாம்பல் பூத்துவிடுகிறது. அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அத்தனை விறகையும் ஏற்கெனவே அடுக்கி முடித்திருப்போம்.

அந்த நிலையில் இரண்டுக்கும் இடைப்பட்ட சதுர அடுக்கு மேலானது. தெப்பத்தின்மேல் இருபுறமும் இரண்டு கட்டைகள், அவற்றின்மேல் குறுக்காக இரண்டு, மீண்டும் இரண்டு என்று கிணற்றுச் சுவர் எழுப்புவது போல முழங்கால் உயரத்துக்கும் குறைவாக எழுப்பி, நெருப்பைத் தெப்பத்தின்மேல், சுவர்களுக்கு உள்ளே மூட்ட வேண்டும். உட்புறம் இரண்டு சாண் அகலத்தைத் தாண்டினால் சுவர்கள் ஒன்றையொன்று சூடாக்கும் பயன் குறைந்துவிடும். தூறல் தொடர்ந்தால் பிளந்த கட்டைகளைப் பட்டை மேற்புறமாக இருக்கும்படி உச்சியில் சாய்வாக வைத்துக் கூரையாக்கலாம். மழைநீர் பட்டையில் வழிந்தோடும், பிளவுமுகம் அடியிலிருந்து உலரும். முழுதாக மூடிவிடக் கூடாது. புகை போக ஒரு கை நுழையும் வழி வேண்டும்.

நட்சத்திர அடுக்கையும் சிலர் பரிந்துரைப்பார்கள். கட்டைகளின் முனைகளை மட்டும் நடுவில் சேர்த்து வைத்து, எரிய எரிய உள்ளே தள்ளும் அந்த முறை விறகைச் சிக்கனப்படுத்தும். கங்கு நன்றாகச் சேர்ந்த பிறகு அதற்கு மாறலாம், தொடக்கத்தில் ஈர விறகோடு அது உதவாது. தரையில் இரு குழிகள் தோண்டிக் காற்றை அடிவழியாக இழுக்கும் ‘டகோட்டா’ குழி அடுப்பை மழைக்காலத்தில் மறந்துவிடுங்கள். தோண்டியதும் குழியில் நீர் ஊறும்.

கேள்வியாளர் – மழைக்கூடாரம்

இருவருக்கும் நன்றி. ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்: முதுகுப்பையில் கோடரி தூக்கிப் போவதில்லை. என்னிடம் இருப்பவை ஒரு மடக்கு ரம்பமும் உறுதியான கத்தி ஒன்றும் மட்டுமே. பிளவுமுகத்தை உள்நோக்கி வைக்கச் சொல்கிறீர்கள். முன்கைப் பருமனுள்ள கட்டையைக் கத்தியால் பிளக்க முடியுமா? அதோடு, கட்டையை நிறுத்தி எரிக்கும் ‘ஸ்வீடிஷ் டார்ச்’ பற்றி யாரும் சொல்லவில்லை. அது ஈர விறகுக்கு ஏற்றதென்று எங்கோ படித்ததாக நினைவு.

பதில் – ரம்பப்பல்

கத்தியால் தாராளமாகப் பிளக்கலாம். அதற்கு முன் சரியான கட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அங்கேதான் பாதி வெற்றி. தரையில் கிடப்பதைத் தொடாதீர்கள். நின்றபடியே பட்டுப்போன மெல்லிய மரத்தையோ, கிளையில் சிக்கித் தரையைத் தொடாமல் தொங்கும் முறிந்த கொம்பையோ தேடுங்கள். அப்படிப்பட்ட மரம் இற்றுப்போகாமல் இருந்தால், எவ்வளவு மழை பெய்தாலும் நீர் வெளித்தோலைத் தாண்டி அதிகம் இறங்குவதில்லை. அறுத்துப் பார்த்தால் நனைந்த விளிம்பு கருமையாகவும் உட்பகுதி வெளிறியும் தெரியும். ரம்பத்தூளை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பாருங்கள். உதிர்ந்தால் உலர்ந்த மரம், உருண்டையாகப் பிடித்தால் அடுத்த மரத்துக்குப் போங்கள்.

கிடைத்த கட்டையை ஒரு சாணுக்குச் சற்று அதிகமான துண்டுகளாக அறுங்கள். துண்டு குட்டையாக இருந்தால் கத்தியால் பிளப்பது எளிது. நார் முனைகள் அதிகம் திறந்திருப்பதால் ஈரம் வெளியேறுவதும் விரைவு. துண்டை ஒரு கட்டையின்மேல் செங்குத்தாக நிறுத்தி, கத்தி அலகை அதன் தலையில் குறுக்காக வைத்து, கனமான கொம்பால் அலகின் முதுகில் தட்டுங்கள். அலகு உள்ளே இறங்கியதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனிப்பக்கத்தில் தட்டிக்கொண்டே போனால் பிளந்துவிடும். முடிச்சுள்ள துண்டோடு மல்லுக்கு நிற்க வேண்டாம், கத்திதான் உடையும். மடக்குக் கத்தியாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம். பிளந்த துண்டுகளை நான்காக, எட்டாகப் பிளந்து, நடுமரத்திலிருந்து வரும் சில்லுகளில் மெல்லிய சுருள்களைச் சீவுங்கள். சுருள்கள் அறுந்து விழாமல் சில்லிலேயே ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இப்படிச் சீவிய சில்லுகள் ஒரு கைப்பிடி அளவும், பென்சில் பருமனுள்ள சில்லுகள் ஒரு கக்கம் அளவும் சேரும் வரை தீக்குச்சியை வெளியே எடுக்காதீர்கள். இந்த வேலையில் ஒரு மணி நேரம் போனாலும் அது வீணான நேரமாகாது.

இனி நீங்கள் கேட்ட டார்ச். முழங்கால் உயரமுள்ள பருத்த கட்டையை உச்சியிலிருந்து நீளவாக்கில் கூட்டல்குறி வடிவில் அறுத்து, அடியில் நான்கு விரல் உயரத்தை அறுக்காமல் விட்டு, நிறுத்திவைத்து உச்சியின் நடுவில் கொளுத்துவதே அதன் அசல் வடிவம். ஈரத்துக்கு அது ஏற்றதாவதற்குக் காரணம் உண்டு: மழை படாத வைரப்பகுதிகள் ஒன்றையொன்று பார்த்தபடி உள்ளே இருக்கின்றன, நனைந்த பட்டை வெளிச்சுவராக நிற்கிறது, அறுத்த கோடுகள் அடியிலிருந்து காற்றை இழுத்துப் புகைபோக்கியாக வேலை செய்கின்றன. ஆனால் உள்மரமும் ஈரமான பச்சைக் கட்டையில் இது ஏமாற்றும். நனைந்தது வெளியே மட்டும் என்றால்தான் இது வெல்லும்.

நீளவாக்கில் அறுக்க மடக்கு ரம்பம் பயன்படாது. அதற்குப் பதிலாக, முன்கைப் பருமனுள்ள நான்கைந்து துண்டுகளை இரண்டாகப் பிளந்து, பிளவுமுகங்கள் நடுவை நோக்கி இருக்கும்படி வட்டமாக நிறுத்தி, அடிப்பகுதியைக் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். கயிறு எரிந்துபோகும், பச்சைக் கொடியானால் ஓரளவு தாக்குப்பிடிக்கும். துண்டுகளுக்கு இடையே குச்சிச் சில்லுகளைச் செருகி, விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். சீவல்களை நடுக்குழியின் பாதி ஆழத்தில் தங்குமாறு திணித்துக் கொளுத்துங்கள். அடிவரை திணித்தால் காற்றுப்பாதை அடைபடும். சிறிய பாத்திரம் ஒன்றை மேலேயே வைத்துச் சமைக்கலாம், ஆனால் மூன்று சிறு கற்களால் அதைச் சற்று உயர்த்தாவிட்டால் புகைபோக்கியின் வாயை அடைத்ததாகிவிடும்.

பதில் – ஊதுகுழல்

எல்லா அடுக்குக்கும் பொதுவான ஒன்றைச் சேர்க்கிறேன். ஈர விறகு தயங்கும்போது விசிறாதீர்கள். விசிறினால் காற்று நெருப்பு முழுவதிலும் பரவி, சூட்டையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகிறது. ஒரு முழ நீளமுள்ள மெல்லிய உலோகக் குழாயின் நுனியைக் கங்குக்கு நான்கு விரல் தூரத்தில் பிடித்து, நீண்ட மூச்சாக, மெதுவாக ஊதுங்கள். கங்கு சிவப்பிலிருந்து ஆரஞ்சு நிறத்துக்கு ஏறிய இடத்துக்கு மேல் ஒரு சில்லை வைத்தால் அது பற்றிக்கொள்ளும். என் முதுகுப்பையில் கோடரிக்கு இடமில்லாத நாளிலும் இந்தக் குழாய்க்கு இடம் உண்டு.

நண்பர் ரம்பப்பல் குறிப்பிட்ட மூன்று கற்களை ஓடையிலிருந்து எடுக்காதீர்கள். நீரில் ஊறிய கல்லின் நுண்துளைகளில் உள்ள நீர் ஆவியாகி, கல் சில்லுகளாக வெடித்துச் சிதறக்கூடும். மேட்டு நிலத்தில் காய்ந்து கிடக்கும் கல்லே பாதுகாப்பானது. ஈர விறகின் புகையில் எரியாத துகள்களும் கார்பன் மோனாக்சைடும் மிகுதி என்பதால், மழைக்கு ஒதுங்குகிறோம் என்று கூடார வாசலை நெருப்புக்கு நெருக்கமாக வைத்துக்கொள்ளவும் கூடாது.

அணைக்கும் முறை அடுக்குக்கு ஏற்ப மாறும். தலைகீழ் அடுக்கையும் சதுர அடுக்கையும் கலைத்துப் பரப்பி, நீர் ஊற்றிக் கிளறி, புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு பார்த்தால் போதும். தெப்பக் கட்டைகளையும் புரட்டிப் பார்க்க வேண்டும். அவற்றின் அடிப்பக்கம் ஈரமாக இருக்கும்போதே மேற்பக்கத்தின் வெடிப்புகளில் கங்கு ஒளிந்திருக்கும். டார்ச் இன்னும் வஞ்சகமானது. வெளிப்பட்டை தொட்டால் குளிர்ந்திருக்கும், உள்ளே குழி முழுவதும் கங்காக இருக்கும். கட்டை நின்ற நிலையிலேயே இடுக்குகளுக்குள் நீரை ஊற்றி, சீறல் அடங்கிய பிறகு கிடத்தி, கம்பியை அவிழ்த்துத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் உள்முகத்தையும் தனித்தனியாக நனையுங்கள்.